"வந்துச்சு சார்": நம் ஃபோனுக்கு ஓடி வரும் செய்திகளின் கதை (நீண்ட த்ரெட்)

1/
நைட் டியூட்டி முடிந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், டீ எடுத்துக்கிட்டு வாங்க.

நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில். இங்கே ஓ.பி. வரிசையில் நிறையப் பேர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு தொங்கும். சில வாரங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம். ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட் வேலை. படி ஏறினால் மூச்சு வாங்குது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. மூன்று மாதம் முன்பே இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறது.

"மாத்திரை சாப்பிடறியாம்மா?"

"இல்ல சார். அது கிட்னிய கெடுக்கும்னு வீடியோ வந்துச்சு. நிறுத்திட்டேன்."

"யார் போட்ட வீடியோ?"

"தெரியல சார். வந்துச்சு."

2/
இந்த த்ரெட் அந்த "வந்துச்சு" என்ற ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

செய்தி தானாக வராது. யாரோ ஒருவர், அல்லது யாரோ எழுதிய ஒரு புரோகிராம், தேர்ந்தெடுத்து நம்மிடம் தள்ளுகிறது. அந்தத் தேர்வை நாமே செய்துகொள்ள ஒரு வழி 1999-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. இலவசம். இன்னமும் வேலை செய்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் நம்ம சென்னையில் படித்தவர்.

அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ். பேரைப் பார்த்ததும் கமெண்டில் அரசியல் பேச ஓடி வராதீங்க. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்: ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். தமிழில் செய்தியோடை.

3/
அதற்கு முன்னால் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி அதுதான் நியாயம்.

2021 மே. கொரோனா இரண்டாம் அலை. கோவிட் வார்டில் இருந்து வெளியே வந்து ஃபோனைத் திறந்தால் நூறு மெசேஜ். அதில் ஒன்று "மருத்துவர் குழுவின் அறிவுரை" என்று ஒரு பக்கம். கையெழுத்து கிடையாது, தேதி கிடையாது. பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு வரி: தினமும் மூன்று வேளை ஆவி பிடிக்கவும். முழுசாகப் படிக்காமல் குடும்ப குரூப்பில் தட்டிவிட்டேன்.

நான் அனுப்பியதால் அது எங்கள் வீட்டில் டாக்டர் சீட்டாகிவிட்டது. என் சித்தி மூன்று வேளையும் ஆவி பிடித்தார். நாலாவது நாள் கொதிக்கிற பாத்திரம் மடியில் கவிழ்ந்தது. தொடையில் வெந்த புண், வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங். "நீ சொன்னதைத்தானேடா செஞ்சேன்" என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் நான்தான் அனுப்பினேன்.

4/
இது ஒரு வீட்டுக் கதை. ஒரு வட்டாரத்துக்கே நடந்தால் எப்படி இருக்கும் என்பதை எங்கள் பகுதி 2021 டிசம்பரில் பார்த்தது.

சுங்குவார்சத்திரம் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலை. ஐஃபோன் அசெம்பிளி செய்யும் இடம், அப்போது சுமார் 17,000 பேர் வேலை. அதன் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி பேதி. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே அறையில் தங்கியிருந்த தோழி எங்கே, எந்த ஆஸ்பத்திரியில், எப்படி இருக்கிறாள் என்று மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தில் வாட்ஸ்அப் புகுந்தது. "இறந்துட்டாங்களாம். மறைக்கிறாங்களாம்."

5/
டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் போராட்டம் நீடித்தது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். சிகிச்சையில் இருந்தவர்களிடம் வீடியோ காலில் பேசவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் திரும்பத் திறந்தது.

இதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பாடும் தங்குமிடமும் மோசம் என்ற அவர்களின் புகார் உண்மை. விடுதிகளிலும் உணவுக்கூடத்திலும் குறை இருந்ததை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சாவு மட்டும்தான் வதந்தி. உலகத்துக்கே ஃபோன் செய்து அனுப்புகிற ஊரில், பக்கத்துப் படுக்கைத் தோழி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள நம்பகமான ஒரு வழி இல்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

6/
சரி, கதைக்கு வருவோம்.

ராமநாதன் வி. குஹா. சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர், 1986. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால் போய்விடலாம், அவ்வளவு பக்கம். பிறகு அமெரிக்கா, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம். 90-களின் நடுவில் ஆப்பிளில் இருந்தபோது அவர் யோசித்த விஷயம் இது: ஒரு இணையதளத்தில் என்ன இருக்கிறது என்பதை, மனிதன் உட்கார்ந்து படிக்காமல், இன்னொரு கம்ப்யூட்டரே படித்துப் புரிந்துகொள்ளும்படி எப்படி எழுதி வைப்பது?

1997-ல் நெட்ஸ்கேப்புக்குப் போனார். அப்போது இணையத்தின் வாசல் என்றால் நெட்ஸ்கேப்.

7/
1999 மார்ச். நெட்ஸ்கேப்பில் குஹாவும் டான் லிபியும் சேர்ந்து ஆர்.எஸ்.எஸ்.ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள்.

யோசனை ரொம்ப எளிது. ஒவ்வொரு தளமும் தன்னிடம் புதிதாக வந்திருப்பவற்றின் பட்டியலை ஒரு சின்ன ஃபைலில் எழுதி, ஒரு நிலையான முகவரியில் வைத்துவிட வேண்டும். நெட்ஸ்கேப்பின் முகப்புப் பக்கம் அந்த ஃபைல்களைப் போய்ப் படித்து, நீங்கள் கேட்ட தளங்களின் தலைப்புகளை மட்டும் ஒரே இடத்தில் காட்டும். பத்து வீட்டுக்கு நடக்க வேண்டாம், பத்து வீட்டு வாசல் பலகையும் உங்கள் திண்ணைக்கே வந்துவிடும்.

8/
நல்ல பிள்ளைகளுக்கு நல்ல வீடு அமையாது என்பார்கள். நெட்ஸ்கேப்பை ஏ.ஓ.எல். வாங்கியது. சீக்கிரமே இந்தக் குழந்தையைக் கைவிட்டது. அதன் பிறகு இரண்டு பக்கத்தார் வளர்த்தார்கள்.

ஒரு பக்கம் டேவ் வைனர், பழுத்த புரோகிராமர். எளிமையாகவே இருக்கட்டும் என்றவர். இன்னொரு பக்கம் ஒரு குழு, 2000 டிசம்பரில் 1.0 என்று ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. அந்தக் குழுவில் இருந்த ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 14. 2002-ல் வைனர் 2.0 வெளியிட்டார். 2005-ல் ஆட்டம் என்ற பெயரில் மூன்றாவது வகை ஒன்று முறையான தரமாக ஆனது. சண்டை பலமாக நடந்தது. பயன்படுத்துகிற நமக்கு எது என்று கவலையே வேண்டாம், எல்லா ரீடர் ஆப்பும் எல்லா வகையையும் படிக்கும்.

9/
உள்ளே என்னதான் இருக்கிறது? எங்கள் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டால் புரியும்.

வார்டில் ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, நேரம், கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாத குறிப்பைச் சீனியர் ஏற்கமாட்டார், கோர்ட்டும் ஏற்காது. செய்தியோடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஏறக்குறைய இதே கட்டங்கள்: தலைப்பு, சுருக்கம், வெளியான தேதி நேரம், மூலப் பக்கத்தின் முகவரி, அந்தப் பதிவுக்கென ஓர் அடையாள எண்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இதில் எது இருக்கிறது? எதுவுமே இல்லை. கையெழுத்தில்லாத கேஸ் ஷீட்டைப் பார்த்து நான் ஊசி போடமாட்டேன். ஆனால் கையெழுத்தில்லாத அறிவுரையைச் சித்திக்கு அனுப்பினேன்.

10/
வேலை செய்யும் விதமும் தலைகீழ். ஃபார்வர்ட் உங்களிடம் தள்ளப்படுகிறது. ஓடையில் உங்கள் ஆப்தான் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அந்த முகவரிக்குப் போய், "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டு வருகிறது. ரவுண்ட்ஸ் போகிற மாதிரி.

இதனால் மூன்று லாபம். ஒன்று, சந்தா சேர உங்கள் ஃபோன் நம்பரோ மெயிலோ தர வேண்டாம். இரண்டு, வேண்டாமென்றால் நீங்கள்தான் நீக்குகிறீர்கள், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மூன்று, வந்த வரிசையில் வரும். கோபம் வரவைக்கிற செய்தியை மேலே தூக்கி வைக்கிற வேலை கிடையாது.

11/
இப்போது தமிழுக்கு வருவோம். என் வயசுக்காரர்களில் சிலருக்காவது கண் கலங்கும்.

2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கின. சென்னையில் ஒருவர், கொழும்பில் ஒருவர், டொரண்டோவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. கனடாவில் இருந்த மதி கந்தசாமி தமிழ்ப் பதிவுகளின் பட்டியல் ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்தார். ஆனால் பட்டியல் என்றால் நாம்தான் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

2004-ல் காசி ஆறுமுகம் "தமிழ்மணம்" என்ற திரட்டியைத் தொடங்கினார். எல்லாப் பதிவுகளின் ஓடைகளையும் அது படித்து, இப்போது யார் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரே பக்கத்தில் காட்டும். நெட்ஸ்கேப்பின் முகப்புப் பக்கம் செய்த அதே வேலை, தமிழில்.

12/
இதற்குப் பின்னால் இன்னொரு சத்தமில்லாத வேலை நடந்திருந்தது. அதற்கு முன்பு தமிழை இணையத்தில் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த ஃபாண்ட் இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல். யுனிகோடு என்ற ஒருங்குறிக்குப் பதிவர்கள் மாறியதால்தான் நூறு பேர் எழுதியதை ஒரே பக்கத்தில் கோக்க முடிந்தது. வாய்க்கால் வெட்டினால் போதாது, எல்லாரும் ஒரே தண்ணீரை விட வேண்டும்.

தமிழ்மணம் வாரத்துக்கு ஒரு பதிவரை "நட்சத்திரம்" ஆக்கும். காலேஜ் ஹாஸ்டலில் மெஸ்ஸுக்குப் போகும் முன் கம்ப்யூட்டர் லேபில் அதைத் திறந்து பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே இருந்தது. அனாட்டமி புத்தகம் மூடியே இருக்கும். ஈழத்துக்காரர் எழுதியதும் மதுரைக்காரர் எழுதியதும் நேர வரிசையில் அடுத்தடுத்து நிற்கும்.

13/
"தேன்கூடு" என்று இன்னொரு திரட்டி. அதை நடத்தியவர் சாகரன் என்ற பெயரில் அறியப்பட்டவர். 2007-ல் இளம் வயதில் காலமானார். அவருக்குப் பிறகு தேன்கூடு பழையபடி நிற்கவில்லை. தமிழ்மணமும் பல வருடம் ஓடி, பதிவர்கள் ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்த பிறகு மெல்ல ஓய்ந்தது.

இந்த மாதிரி இடங்களைச் சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்துக் காப்பாற்றியவர்கள் ஒரு சிலர்தான். அந்த ஆள் போனால் இடமும் போகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரட்டி மூடினாலும் ஓடை மூடவில்லை. அன்றைய பிளாக்கர், வேர்ட்பிரஸ் பதிவுகள் இன்னும் இருந்தால், அவற்றின் ஓடையும் இன்னும் இருக்கும். நீங்களே நேரடியாகச் சேர்ந்துகொள்ளலாம்.

14/
அந்தக் காலத்துத் தமிழ்ப் பதிவர்கள் ஃபீட் என்பதற்கு "ஓடை" என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு பொருத்தம் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் தெரியும்.

இது ஏரி மாவட்டம். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிதண்ணீர். எந்த ஏரிக்கு எந்த வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, எங்கே அடைத்திருக்கிறார்கள், எங்கே கழிவு கலக்கிறது என்று இங்கத்திய பெரியவர்களைக் கேட்டால் விரல் நீட்டிச் சொல்வார்கள். கையில் இருக்கிற ஃபோனுக்கு எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்று கேட்டால் மட்டும் "வந்துச்சு".

15/
அந்தச் சொல் எப்போது நம் கையை விட்டுப் போனது? 2006.

அந்த வருஷம்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. எங்கள் வட்டாரம் ஃபோன் வட்டாரம் ஆனது. அதே 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் "நியூஸ் ஃபீட்" கொண்டுவந்தது. ஃபீட் என்ற பெயர் அப்படியே இருந்தது, பொருள் மாறிவிட்டது. போகப்போக எதை மேலே காட்டுவது, எதை மறைப்பது என்பதைக் கம்பெனியின் கணக்கே தீர்மானித்தது. நீங்கள் எவ்வளவு நேரம் அங்கேயே இருக்கிறீர்கள் என்பதுதான் அதற்கு முக்கியம்.

இன்னொரு பக்கம், பலரும் ஓடைகளைப் படித்துவந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ல் கூகுள் மூடியது. ஆரன் ஸ்வார்ட்ஸ் அதே வருஷம் ஜனவரியில் 26 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் எங்கள் நோக்கியா ஆலையும் மூடியது.

16/
அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பியது. விலை என்ன தெரியுமா?

2018 மே. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன ஒரு வயதான அம்மா, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று அந்தப் பகுதி முழுக்க ஃபார்வர்ட் சுற்றிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் அடித்தே கொன்றது. அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், இந்தியாவில் ஒரு மெசேஜை ஐந்து சாட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். பயந்து ஊருக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. காவல்துறை வீடியோ வெளியிட்டு மறுக்க வேண்டி வந்தது.

17/
இப்போது செய்முறை. அஞ்சு நிமிஷ வேலை.

• ஃபோனில் ஒரு ஃபீட் ரீடர் ஆப் போடுங்கள். ஃபீட்லி, இனோரீடர் இரண்டிலும் இலவச வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஐஃபோனில் நெட்நியூஸ்வயர் முழுக்கவே இலவசம்.

• கூட்டல் குறியைத் தொட்டு, உங்களுக்குப் பிடித்த தளத்தின் முகவரியை ஒட்டுங்கள். பெரும்பாலும் ஆப்பே ஓடையைத் தேடிப் பிடித்துவிடும்.

• பிடிக்கவில்லையா? வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்.

• தளத்தில் ஆரஞ்சு நிறச் சதுரத்தில் அலை மாதிரி வெள்ளைக் கோடுகள் இருந்தால் அதுதான் ஓடையின் சின்னம்.

• யூடியூப் சேனல்களையும் இப்படிச் சேர்க்கலாம். "அடுத்து இதைப் பார்" என்ற தொல்லை இல்லை.

பாட்காஸ்ட் கேட்கிறீர்களா? அப்படியென்றால் தெரியாமலே ஆர்.எஸ்.எஸ். பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பாட்காஸ்ட் ஓடுவதே இதன் மேல்தான்.

18/
நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் செய்திகள். பப்மெட் தளத்தில் ஒரு தலைப்பைத் தேடினால், அந்தத் தேடலுக்கே ஓர் ஓடை உண்டாக்கும் பொத்தான் இருக்கிறது. ரத்தசோகைக்கு ஒன்று, பாம்புக்கடிக்கு ஒன்று வைத்திருக்கிறேன். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சாசெட் தளத்தில் வரும் வெள்ள, புயல் எச்சரிக்கைகள். மீதி, இன்னும் விடாமல் எழுதுகிற நாலைந்து தமிழ் வலைப்பதிவர்கள்.

அளவு: மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஓடை போதும். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, உணவுக்குப் பின். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். ஓவர்டோஸ் இதிலும் உண்டு.

19/
பக்கவிளைவையும் சொல்லாவிட்டால் நான் டாக்டர் இல்லை.

ஓடை உண்மைக்கு கேரண்டி கிடையாது. பொய்யனுக்குச் சந்தா சேர்ந்தால் பொய் நேரம் தவறாமல் வரும். அது தருவது ஒன்றே ஒன்று: யார் சொன்னது, எப்போது சொன்னது, எங்கே போய்க் கேட்பது என்ற முகவரி. மிச்சத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். 2021 டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் ஃபோனிலும் ஃபீட் ரீடர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? ஆகியிருக்காது. மேலே இருந்து யாரும் தண்ணீர் திறந்துவிடவில்லை என்றால் ஓடை வறண்டுதான் கிடக்கும். "இத்தனை பேர் சிகிச்சையில், இத்தனை பேர் வீடு திரும்பினர், கவலைக்கிடம் யாருமில்லை, நேரம் இரவு 8 மணி, பொறுப்பு அதிகாரி இன்னார்" என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், தமிழில் யாராவது எழுதியிருக்க வேண்டும். அது எழுதப்படாத இடத்தில்தான் "இறந்துட்டாங்களாம்" எழுதப்படுகிறது.

20/
ஆகவே வேண்டுகோள் இரண்டு பக்கத்துக்கும்.

கம்பெனி, விடுதி, அரசு அலுவலகம், எங்களைப் போன்ற மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு: தேதி, நேரம், பெயர் போட்டு, சீக்கிரம் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.ஐ ஒரு மூலையில் போடுவது சொன்னதாகாது. ஓடை வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

படிக்கிறவர்களுக்கு: அடுத்த ஃபார்வர்ட் வரும்போது மூன்று கேள்வி. யார் எழுதியது? எப்போது? மூலப் பக்கம் எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அது உங்கள் ஃபோனோடு நிற்கட்டும். டாக்டரே அனுப்பியிருந்தாலும் கேளுங்கள். எங்கள் சித்தி இப்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்: "எங்கேருந்துடா எடுத்த?"

21/
அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தோம். மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் மந்தமாக இருக்கும், பயப்படாதே, டீ காபியோடு சேர்த்துச் சாப்பிடாதே, எலுமிச்சை ஜூஸ் நல்லது என்று எல்லாம் சொன்னேன். இதை முதல் தடவையே பொறுமையாகச் சொல்லியிருந்தால் வீடியோவுக்கு வேலையே இருந்திருக்காது. இருநூறு பேர் ஓ.பி.யில் நாங்கள் சொல்லாமல் விட்டதைத்தான் அந்த வீடியோ சொல்லியிருக்கிறது, தப்பாக.

பிறகு சீட்டின் பின்பக்கம் தேதி, நேரம் போட்டு, மாத்திரை சாப்பிடும் முறையைத் தமிழில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இத ஃபோட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்ல போடலாமா?" என்றார்.

"போடும்மா. யார் எழுதினதுன்னு தெரியற மாதிரி, கையெழுத்தோட சேர்த்துப் போடு" என்றேன்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், அடுத்த டியூட்டிக்குள் பதில் சொல்கிறேன்.